தலையைத் திருப்பிக் குடித்தவர்

கிசோப்பைப் பெட்டியில் வைத்து மூடினார்கள் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கிசோப் என் கடைசித் தம்பி. துறைமுகக் கட்டுமான அமைச்சகத்தில் அதிகாரி. கிழக்குக் கரையில் ஒரு அலைத்தடுப்புச் சுவர் கட்டும் ஒப்பந்தம் வந்தது. ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி நிபந்தனைகளை எழுதச் சொன்னார்கள். சொன்னவர் துணை அமைச்சர் மேங். இவன் மாட்டேன் என்றான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேராக அமைச்சகத்துக்குள்ளேயே இருக்கிற ஊழல் கண்காணிப்புப் பிரிவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். பேரை ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்றார்கள். அந்த ரகசியம் அன்று சாயங்காலமே லிஃப்ட் ஏறி மேல்மாடிக்குப் போய்விட்டது. கண்காணிப்புப் பிரிவின் தலைவருக்குப் பதவி உயர்வு கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மேங்தான்.

தலைநகரில் புகார் வாங்கவென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கேயும் எழுதிப் போட்டான். வாங்கிக்கொண்டார்கள். விசாரிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை என்று சொல்லி, தக்க நடவடிக்கைக்காக அதே அமைச்சகத்துக்கே அனுப்பிவைத்தார்கள். மீன் காணோம் என்று புகார் கொடுத்தால் பூனையிடமே கொடுத்து விசாரிக்கச் சொல்கிற கதைதான்.

அப்புறம் விசாரணை கிசோப் மேலேயே திரும்பியது. லஞ்சம் வாங்கியது இவன்தானாம். விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவன் அப்படியே சரிந்தான். இதயம் நின்றுபோனது என்றார் டாக்டர்.

விஷயம் இவ்வளவுதான்.

தேஜோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கீழ்த்தளத்தில் துக்கக் கூடம். எங்கள் ஊரில் சாவுக்கு வருகிறவர்கள் அங்கேதான் கூடுவார்கள். நடுவில் வெள்ளைச் செவ்வந்திகளுக்கு மத்தியில் கிசோப்பின் படம். அந்தப் படத்தில் அவன் கொஞ்சம் சிரிக்கிறான். அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த படம் அது.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, மனசு முழுக்க அப்படி இருந்தது. வந்தவர்கள் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். சிவப்பு மாட்டிறைச்சி சூப்பைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறிவகைகள் விற்கிற கடை வைத்திருப்பவள் நான். கை தானாக வேலை செய்யும்.

"ஒரு வாய் சாப்பிடு இன்சூக்."

"பசிக்கல அண்ணி."

"பசிக்கலன்னு தெரியும். சாப்பிடுன்னுதான் சொன்னேன்."

இன்சூக் கிசோப்பின் மனைவி. நான் சொன்னதற்காக ஒரு கரண்டி சோற்றை வாயில் போட்டாள். மெல்வதற்கு மறந்துபோய் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வழக்கறிஞர் மத்தியானம் வந்துடுவாரில்ல?" என்று கேட்டாள்.

"வரேன்னுதானே சொன்னாரு. வருவாரு."

அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அதுதான். யோம் என்று ஒரு அரசு வழக்கறிஞர். எங்கள் நாட்டில் விசாரிப்பது, வழக்குப் போடுவது எல்லாமே அவர்கள் கையில். முந்தின நாள் அவரே போன் செய்திருந்தார். "வழக்கு என்கிட்ட வந்திருக்கு. நானே நேர்ல வந்து அந்தப் பதிவை வாங்கிக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் கொடுக்காதீங்க" என்றார். குரலில் மரியாதை இருந்தது என்று இன்சூக் என்னிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டாள்.

பதிவு என்றால் கிசோப்பின் கைபேசியில் இருக்கிற பதிவு. நிபந்தனையை எப்படி எழுதணும், கம்பெனி யாருக்கு என்ன செய்யும் என்று மேங் தன் வாயாலேயே சொல்கிற பேச்சு. அது சரியான கைக்குப் போனால் என் தம்பி யோக்கியன். போகாவிட்டால், லஞ்சம் வாங்கிச் செத்தவன் என்ற பேரோடுதான் அவனை நாளைக்குக் காலையில் எரிக்க வேண்டும்.

நகல் எடுத்து நீட்டினால் ஜோடித்தது என்பார்கள், அந்தக் கைபேசிதான் சாட்சி. அது கிசோப்பின் மகள் தாவோனிடம் இருந்தது. ஒரே பெண். கல்லூரியில் படிக்கிறாள். கறுப்புத் துக்க உடையின் இடுப்புப் பட்டிக்குள் செருகி வைத்திருந்தாள். பாத்ரூம் போகும்போதுகூட அங்கே கையை வைத்துக்கொண்டேதான் போனாள்.

மகன் இல்லாததால் தலைமைத் துக்கக்காரனாக நின்றது என் இன்னொரு தம்பி கிபேக். கையில் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு, வருகிறவர்களின் பதவிக்குத் தகுந்தபடி குனிந்துகொண்டிருந்தான். கடைநிலை ஊழியருக்குக் கழுத்து மட்டும், மேலதிகாரிக்கு இடுப்பு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அலைத்தடுப்புக்குப் போடுகிற நாலுகால் கான்கிரீட் கட்டைகள் வார்க்கிற பட்டறை வைத்திருக்கிறான். வேலை கொடுப்பது துறைமுக அமைச்சகம். அங்கே யாராவது முகம் சுளித்தால் இவன் பட்டறையில் அடுப்பு அணைந்துவிடும்.

காலையிலேயே ஒரு பூ வளையம் வந்தது. ஆள் உயரத்துக்கு மூன்று அடுக்கு. தொங்குகிற வெள்ளை ரிப்பனில் அனுப்பியவர் பதவியும் பெயரும். கிபேக் அதைத் தூக்கிக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ."

"எதுக்குடா?"

"துணை அமைச்சரோட பூ. கடைசில வெச்சா நல்லாவா இருக்கும்?"

"மேங்கோட பூவா? அதைக் கொண்டுபோய்ச் செருப்பு விடற இடத்துல வை."

"மெதுவாப் பேசேன் அக்கா! அவங்க ஆளுங்க வெளியே நிக்கறாங்க."

"நிக்கட்டுமே. அந்த ஆளோட பூ பக்கத்துல இருந்தா உன் தம்பி மூச்சு விடுவானாடா?"

"அவன்தான் மூச்சு விடறதை நிறுத்திட்டானே. இருக்கறவங்க மூச்சு விட வேண்டாமா?"

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். என்னைப் பார்க்காமல் பூ வளையத்தைப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, கசங்கியிருந்த ரிப்பனைக் கையால் நீவிவிட்டான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சூப் கொதிக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

மத்தியானம் பூவை அனுப்பிய ஆளே வந்துவிட்டார்.

மேங் நல்ல உயரம். நரையை மறைக்காத தலை. ஊதுவத்தி ஏற்றி, படத்துக்கு இரண்டு முறை தரையில் விழுந்து வணங்கினார். அவசரமே இல்லாத வணக்கம். அதைச் சொல்லித்தான் ஆகணும், அன்றைக்கு வந்தவர்களிலேயே அழகாக வணங்கியது அந்த மனுஷன்தான். வெட்கங்கெட்டவர்களுக்கு உடம்பு நன்றாக வளைகிறது.

"நாட்டுக்கே பெரிய இழப்பும்மா" என்றார் இன்சூக்கிடம். "கிசோப் மாதிரி ஒரு ஊழியர் இனிமே கிடைக்க மாட்டார்."

இன்சூக் தரையைப் பார்த்தபடி குனிந்தாள். துக்க வீட்டில் வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

தாவோன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை."

"என்னடி?"

"அதே குரல். போன்ல இருக்கற மாதிரியே, அதே நிதானம்."

அவள் கை இடுப்பில் இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

கிபேக் மேங்கைக் கூடத்தின் மூலையில் நல்ல மேஜைக்குக் கூட்டிப்போனான். காற்று வராத, ஜனம் உரசாத இடம். தரையில் மண்டியிட்டு, அவர் முன்னால் கிண்ணங்களை வரிசையாக வைத்தான். அவித்த பன்றிக் கறியில் கொழுப்பு குறைவான துண்டாகப் பார்த்து இந்தப் பக்கம் நகர்த்தினான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. யாரையோ எதிர்பார்ப்பவர் மாதிரியும் இல்லை. சும்மா, தன் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து யோம் வந்தார்.

நாற்பது வயசு இருக்கும். கறுப்புக் கோட்டு, கையில் பழைய தோல் பை. தனியாகத்தான் வந்தார். படத்தை வணங்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நேத்து போன்ல பேசினது நான்தாம்மா. இந்த நேரத்துல வந்து தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஆனா தள்ளிப்போட்டா சாட்சியம் கெட்டுப்போகும்."

இன்சூக்கின் முகத்தில் உயிர் வந்தது. "தொந்தரவு இல்லீங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம். தாவோன்..."

தாவோன் இடுப்புப் பட்டியில் கைவைத்தாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் கைபேசி அவர் பைக்குள் போயிருக்கும்.

குறுக்கே வந்தான் கிபேக். "ஐயா, ஐயா, முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டு. துக்க வீட்டுல சாப்பிடாமப் போகக் கூடாது. வாங்க, இப்படி வாங்க."

யோம் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் எங்கள் ஊர்த் துக்க வீட்டில் அந்த வேண்டாம் எடுபடாது. கிபேக் அவர் முழங்கையைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனான். எங்கே? நேராக அந்த மூலை மேஜைக்கு.

யோம் யாரை விசாரிக்க வந்திருக்கிறார் என்று கிபேக்குக்கு நன்றாகத் தெரியும். மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். ஆனால் அவன் மண்டையில் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு பெரிய அதிகாரியை என் சந்தையிலிருந்து வந்திருந்த மீன்கடைக்காரர் பக்கத்தில் எப்படி உட்கார வைப்பது? பெரியவரைப் பெரியவரோடுதானே உட்கார வைக்கணும்? வேறு நாட்டுக்காரனாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். நாங்கள் செய்வோம். கண்ணை மூடிக்கொண்டு செய்வோம்.

நான் சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"அட, யோம்! நீயாடா?" என்றார் மேங்.

யோமின் முகத்தில் ஈயாடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, தொப்பென்று மண்டியிட்டு உட்கார்ந்தார். விசாரிக்க வந்தவர் உட்காருகிற முறையா அது?

"நீங்க... இருக்கீங்கன்னு தெரியாதுங்க."

"இங்க இல்லாம எங்க இருப்பேன்? என் ஊழியர் செத்திருக்காரு. காலை நீட்டி உட்காருடா, பரவாயில்ல. பொண்ணு எப்படி இருக்கா? நடக்கறாளா?"

"இப்ப ஓடறாளுங்க."

"உன் கல்யாணத்துக்கு நான் தலைமை தாங்கி வாழ்த்திப் பேசினப்போ உன் மாமனார் தேம்பித் தேம்பி அழுதாரே, ஞாபகம் இருக்கா? இந்தா, பிடி."

மேங் சோஜு மது பாட்டிலைச் சாய்த்தார். யோம் சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, வாயைக் கையால் மறைத்து, ஒரே மடக்கில் குடித்தார். கழுத்து சிவந்துபோயிருந்தது.

பெரியவர் முன்னால் முகத்தைத் திருப்பிக் குடிப்பது எங்கள் வழக்கம். குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் தினமும் பார்க்கிற காட்சி. ஆனால் அந்த ஒரு திருப்பலில் எங்கள் வழக்கு முடிந்துபோனது.

நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தின் அந்தக் கோடியில், படத்துக்குப் பக்கத்திலிருந்து இன்சூக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கொஞ்ச நேரம் முன்னால் வந்த உயிர் போய்விட்டிருந்தது. சத்தம் போடவில்லை. கை மட்டும் தாவோனின் இடுப்பைத் தேடிப் போய், பட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு, குடும்பத்தார் மாற்றி மாற்றிப் படுக்க. கொஞ்ச நேரத்தில் யோம் அங்கே வந்தார். கதவைச் சாத்திவிட்டு எங்கள் மூன்று பேர் முன்னால் மண்டியிட்டார். இன்சூக், தாவோன், நான்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் இன்சூக். குரலில் கோபம்கூட இல்லை.

"எங்க பள்ளிக்கூடத்துல எனக்கு மூத்தவர். அவர் ஏற்பாடு பண்ணின உதவித்தொகையிலதான் சட்டம் படிச்சேன். கல்யாணத்துக்கும்... கேட்டிருப்பீங்க."

"அப்புறம் எப்படிய்யா இந்த வழக்கை வாங்கினீங்க?" என்றேன் நான். "மானம் ரோஷம் எதுவும் இல்லையா?"

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேம்மா. ரத்த சொந்தம் இல்லையே, நீயே விசாரின்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இப்போதான் புரியுது, அதனாலதான் என்கிட்ட கொடுத்திருக்காங்க."

"நீங்க நேர்மையா விசாரிச்சா?" என்றாள் தாவோன்.

"அடுத்த வாரமே ஏதாவது தீவுக்கு மாத்துவாங்க. எங்களை மாத்தறது சட்ட அமைச்சர் கையெழுத்துல. அந்த அமைச்சரும் இவரும் ஒரே அரசாங்கத்து ஆளுங்க. எனக்குப் பதிலா வர்றவருக்கும் யாராவது ஒருத்தர் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியிருப்பாங்க."

தாவோன் கைபேசியை வெளியே எடுத்துவிட்டாள். "இப்ப இதை உங்ககிட்ட கொடுத்தா என்ன ஆகும்? உண்மையைச் சொல்லுங்க."

அவர் அதைத் தொடவில்லை.

"முதல்ல பத்திரமாப் பூட்டி வைப்போம். அப்புறம், ரொம்பப் பத்திரமா." இல்லை என்று தலையை ஆட்டினார். "என்கிட்ட கொடுக்காதீங்க."

கொடு என்று மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்போம். வாங்க வந்தவரே கொடுக்காதே என்கிறார்.

"சரி, உங்ககிட்ட கொடுக்கக் கூடாது. யார்கிட்ட கொடுக்கணும்?" என்று கேட்டாள் இன்சூக்.

யோம் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"போலீஸ்?" என்றாள் இன்சூக்.

"அவங்களுக்கும் மேல ஒரு அமைச்சர் இருக்காரு."

"பத்திரிகைக்காரங்க?" என்றாள் தாவோன்.

"போடுவாங்க. ஒரு நாள் போடுவாங்க. மறுநாள் உங்க அப்பா லஞ்சம் வாங்கினார்னு அமைச்சகம் அறிக்கை விடும். அதையும் அதே பக்கத்துல போடுவாங்க. எது உண்மைன்னு விசாரிச்சுச் சொல்ல யாராவது வேணுமே."

"அதைத்தான் கேக்கறேன். யாரு?" இன்சூக் விடவில்லை. "இவ்வளவு பெரிய அரசாங்கத்துல, இவருக்குக் கீழ இல்லாத ஒருத்தர், இவர் மேல கை வைக்கக் கூடிய ஒருத்தர். பேரைச் சொல்லுங்க, நான் நடந்தே போய்க் கொடுக்கறேன்."

யோம் தலையைக் குனிந்துகொண்டார். மேங் முன்னால் குனிந்த குனிவு இல்லை இது.

"அப்படி ஒரு இடம் இன்னும் இல்லம்மா" என்றார்.

"இல்லன்னா?"

"யாருக்கும் கட்டுப்படாம, அமைச்சர்களையும் எங்க ஆளுங்களையும்கூட விசாரிக்கிற மாதிரி ஒரு தனி அமைப்புக்குச் சட்டம் எழுதி வெச்சிருக்காங்க. நாடாளுமன்றத்துல கிடக்கு. ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுப்பி, முகம் கழுவிவிட்டு, மேடையில நிறுத்துவாங்க. தேர்தல் முடிஞ்சதும் திரும்பப் படுக்க வெச்சுடுவாங்க."

"அது எழுந்திருச்சிருந்தா?"

"உங்க வீட்டுக்காரர் முதல் நாளே அங்க போயிருப்பாரு." எழுந்துகொண்டார். "நாளைக்கு உடலை எடுத்ததும் நான் நீதிமன்ற உத்தரவோட வரணும். எனக்கு வேற வழி இல்ல. உத்தரவு வந்த பிறகு கொடுக்க மாட்டேன்னா குத்தம் உங்க மேல வந்துடும். அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க. என்ன செய்யணும்னு எனக்கும் தெரியல."

கதவைத் திறந்தவர் திரும்பிப் பார்த்து எங்களை வணங்கினார். போய்விட்டார். அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். திட்டு வரவில்லை. அவர் வீட்டிலும் ஒரு குழந்தை ஓடுகிறதாமே.

அவர் போன கையோடு கிபேக் உள்ளே நுழைந்தான். முகம் பளபளவென்று இருந்தது.

"நல்ல சேதி. துணை அமைச்சரே சொல்லிட்டாரு. கிசோப்பைப் பணியில உயிர்விட்டவர்னு அறிவிப்பாங்களாம். லஞ்ச விசாரணையை அப்படியே மூடிடுவாங்க. நாளைக்கு வண்டி சுடுகாட்டுக்குப் போற வழியில அமைச்சக வாசல்ல நிக்கும். ஊழியர்கள் எல்லாரும் வெளியே வந்து வரிசையா நின்னு வணங்குவாங்க. எவ்வளவு பெரிய மரியாதை!"

"பதிலுக்கு?" என்றேன்.

"அந்த போன் மட்டும்... குடும்பத்துக்கு எதுக்கு அதெல்லாம், மனசு கஷ்டம்தானேன்னு..."

"கிபேக்."

"அக்கா, நீயே சொல்லு. அதை வெச்சுக்கிட்டு யார்கிட்ட போகப் போறோம்? அந்த வழக்கறிஞரே வாங்காமப் போயிட்டாரு. எங்கயும் செல்லாத காசு அது. அதைக் கொடுத்துத் தம்பி பேரைக் காப்பாத்தினா தப்பா?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. நான் இன்சூக்கைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் தாயும் மகளுமாக இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அப்போது துக்கக் கூடத்து மேலாளர் கதவைத் தட்டினார். தினம் ஒரு சாவைப் பார்க்கிறவர். எதையும் மெதுவாகவே கேட்பார்.

"நாளைக்குக் காலைல வண்டி போற வழியைச் சொல்லிட்டீங்கன்னா டிரைவருக்குச் சொல்லிடுவேன். எரியூட்டறதுக்கு முன்னால எங்கேயாவது நிறுத்தணுமா?"

இறந்தவரைக் கடைசியாக ஒருமுறை அவர் வீட்டு முன்னாலோ வேலை பார்த்த இடத்திலோ நிறுத்துவது வழக்கம்.

"அமைச்சகம். முன் வாசல்" என்றான் கிபேக்.

"வேண்டாம்" என்றாள் இன்சூக்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் எழுந்து நின்றிருந்தாள். தாவோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சியோலுக்கு விடச் சொல்லுங்க. நாடாளுமன்ற வாசலுக்கு."

"என்னம்மா பேசறே?" என்றான் கிபேக்.

"அப்படி ஒரு இடம் இன்னும் இல்லன்னு அந்த வழக்கறிஞர் சொன்னாரே, மாமா. இல்லாததை உண்டாக்க வேண்டியவங்க அங்கதானே உட்கார்ந்திருக்காங்க. அவரை அவங்க வாசல்ல வெச்சு, அந்தப் பதிவை எல்லாருக்கும் கேக்கற மாதிரி போடறேன். யார் விசாரிக்கப் போறீங்கன்னு கேக்கறேன்."

"போலீஸ் தடுக்கும்!"

"தடுக்கட்டும். தடுக்கற இடத்துல நிப்போம்."

"எரியூட்டற நேரம் தவறிடும்மா" என்றார் மேலாளர். "அப்புறம் எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"அவர் காத்திருப்பாரு. பெஞ்சில உட்கார வெச்சு எத்தனையோ நாள் காக்க வெச்சாங்க, இன்னும் ஒரு நாள் காத்திருக்க மாட்டாரா?"

அழவில்லை அவள். சந்தையில் காய் விலை சொல்வது போலச் சொன்னாள். தாவோன் அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

கிபேக் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீயாவது சொல்லேன். வண்டி அங்க திரும்பினா என் பட்டறை அன்னைக்கே மூடிடும். பதினெட்டுப் பேர் வேலை பாக்கறாங்க. என் பசங்க..."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

நான் இன்சூக் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவன் வெளியே போய்விட்டான். மேலாளரும், யோசித்துச் சொல்லுங்கள் என்று நகர்ந்தார்.

கூடத்தில் சாயங்காலக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. மூலை மேஜை காலி. மேங் கிளம்பிப் போயிருந்தார். நான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துப் பக்கம் போனேன்.

கடைசித் தூணுக்குப் பக்கத்தில் கிபேக் நின்றுகொண்டிருந்தான். முதுகு என் பக்கம். காதில் கைபேசி. என்ன பேசினான் என்று கேட்கவில்லை. ஆனால் பேசப் பேசக் குனிந்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. போனில் இருப்பவருக்கு நாம் குனிவது தெரியாது, ஆனாலும் எங்கள் ஆட்கள் குனிவார்கள். அண்ணன் முறையுள்ளவர் என்றால் கழுத்து மட்டும் அசையும். இவன் இடுப்பு வளைந்துகொண்டிருந்தது.

எதிர்முனையில் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேங் ஆட்கள் வண்டியை மறிப்பதற்குள் கிளம்பியாக வேண்டும்.

கிண்ணங்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு மேலாளர் அறைக்கு ஓடினேன். இந்த வயசில் அப்படி ஓடி வெகு நாளாயிற்று.

"வண்டியைச் சீக்கிரமே எடுக்க முடியுமா? விடியறதுக்கு முன்னாலேயே? சியோலுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சு வாங்குகிறது, கையெல்லாம் சூப்புக் கறை. காரணம் கேட்கவில்லை.

"முடியும்மா. டிரைவர் இங்கேயேதான் தூங்கறாரு. ஆஸ்பத்திரியிலயும் ஆட்சேபம் சொல்ல மாட்டாங்க."

"அப்போ எடுத்துடுங்க."

"எடுத்துடலாம்." தயங்கினார். "ஆனா உடலை வெளியே விடறதுக்குத் தலைமைத் துக்கக்காரர் கையெழுத்து வேணும். அவர் ஒருத்தர்தான் போட முடியும். அது இல்லாம என்னால கதவைத் திறக்க முடியாதும்மா."

தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். கிபேக் இன்னும் குனிந்துகொண்டுதான் இருந்தான்.